எழுத்து இல்லாவிட்டால் மொழி இல்லையா?

நீலகிரிப் பழங்குடி மொழிகளைப் பற்றி எங்கே பேசினாலும் ஒருவர் எழுந்து கேட்டுவிடுகிறார்: “அதெல்லாம் ஒரு மொழியா சார்? லிபியே கிடையாது. கொச்சைத் தமிழ்தானே!” ஆசிரியர்களும் கேட்கிறார்கள், தமிழ்ப் பற்றாளர்களும் கேட்கிறார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. இது முழுத் தவறு.

முதலில் லிபி. ஆங்கிலத்துக்குச் சொந்த எழுத்து உண்டா? ரோமானியரின் எழுத்தில்தான் அதை எழுதுகிறார்கள். மராத்தியும் நேபாளியும் இந்தியைப் போலவே தேவநாகரியில் ஓடுகின்றன. அவற்றை மொழியில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. மலையில் இருப்பவர்களிடம் மட்டும் லிபி கேட்கிறோம்.

‘கொச்சைத் தமிழ்’ என்பது அதைவிட மோசம். ஊட்டியைச் சுற்றியுள்ள மந்துகள் எனப்படும் குடியிருப்புகளில் தோடர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். ஒரு வாக்கியமாவது புரிந்தால் சொல்லுங்கள். தோடர் மொழியும் இன்னொரு நீலகிரிக் குடியான கோத்தரின் மொழியும் தனித் திராவிட மொழிகள் என்று கால்டுவெல் 1856இலேயே எழுதிவிட்டார். 1935இல் இந்தியா வந்த மொழியியலாளர் மரே எமனோ, தோடர், கோத்தர் வாய்மொழியாகச் சொன்ன பாட்டுகளையும் கதைகளையும் எழுதி எடுத்தார். பரோ என்ற அறிஞருடன் சேர்ந்து அவர் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் அந்த மொழிகளின் சொற்கள் தமிழ்ச் சொற்களோடு சரிசமமாக நிற்கின்றன.

ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கு நுனி அதிர எழும் ரகர வகைகள் தோடர் மொழியில் மூன்று: பல்லை ஒட்டி ஒன்று, சற்று மேலே ஒன்று, நாவை வளைத்து ஒன்று. ஒன்றை மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். லடிஃபோகெட், பெரி பாஸ்கரராவ் போன்ற ஒலியியலாளர்கள் 1990களில் இதைக் கருவி வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் பேச்சில் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாக்கிவிட்டோம். ‘காற்று’ என்று எழுதிவிட்டுக் ‘காத்து’ என்கிறோம். தகரத்துக்கும் டகரத்துக்கும் இடையிலுள்ள அந்தப் பழைய வல்லொலியைத் தோடரும் கோத்தரும் இன்னும் தனியாக ஒலிக்கிறார்கள். இதில் எது கொச்சை?

‘கொச்சைத் தமிழ்’ என்ற இந்த வதந்திக்கு அரசுக் கணக்கும் தீனி போடுகிறது. இருளர் மொழி தனி மொழி என்று மொழியியலாளர் கமில் சுவெலபில் 1970களிலேயே விரிவாக எழுதிவிட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ அதைத் தமிழின் கீழே ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறது. பத்தாயிரம் பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகள் அதன் மொழிப் பட்டியலில் பெயரோடு வருவதே இல்லை. தோடர், கோத்தர் மொழிகளுக்கு அங்கே ‘மற்றவை’தான் இடம்.

“ஒலிப்பதிவு பண்ணிவிட்டால் மொழி பிழைத்துவிடும்” என்றும் சிலர் சொல்வார்கள். அந்தமானின் போ மொழியைக் கடைசியாகப் பேசிய போவா சீனியர் 2010இல் இறந்துபோனார். மொழியியலாளர் அன்விதா அப்பி எடுத்த பதிவுகள் இருக்கின்றன. பேச ஆள் இல்லை.

“பழங்குடிகளின் அறிவெல்லாம் மூடநம்பிக்கை” என்பது இன்னொரு தவறு. அகத்தியர் மலையில் 1987இல் ஆய்வாளர்களோடு நடந்த காணிக்காரர் என்ற பழங்குடியினர் களைப்பு தெரியாமலிருக்க மென்ற காய்தான் ‘ஜீவனி’ என்ற மருந்துக்கு வழிகாட்டியது. அதன் உரிமத் தொகையில் பாதியைக் காணிக்காரர்களுக்கென ஒதுக்கினார்கள். மூடநம்பிக்கைக்கு யாரும் பங்கு கொடுப்பதில்லை.

“வீட்டு மொழி பேசினால் பிள்ளை படிப்பில் பின்தங்கும்” என்று பெற்றோரைப் பயமுறுத்துவது எல்லாவற்றிலும் கொடுமை. பிள்ளை இரண்டு மூன்று மொழிகளைச் சேர்த்தே கற்கும். நியூசிலாந்தின் மாவோரிகள் 1982இல் பாட்டிமாரை வைத்து, மாவோரி மட்டுமே பேசும் மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1987இல் அவர்கள் மொழி ஆட்சிமொழியானது. நம் மலைக் கிராமங்களிலும் அங்கன்வாடிப் பணியாளர் அந்தந்தக் குடியிருப்பின் மொழி பேசுபவராகவே இருக்க வேண்டும். பிறகு ஆவணம், அகராதி எல்லாம் வரட்டும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகவிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘தாய்மொழி’ என்ற இடத்தில் நீங்களாகத் ‘தமிழ்’ என்று நிரப்பாதீர்கள். கேளுங்கள், அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள்.