வைஃபை பெட்டியின் விளக்குகளும் ஆண்டெனாவும்



2019-ம் ஆண்டு டுயிட்நவ் கியூஆர் வந்தபின், போர்டிக்சனில் நம் கடைகளுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி கல்லாவைத் தொடாமலே வருகிறது. வாடிக்கையாளர் கைபேசியால் அனுப்பிவிடுகிறார். வந்து சேர்ந்ததா என்று பார்க்க நமக்குக் கடையின் வைஃபை வேண்டும். அது நின்ற வேளையில் "பணம் வரவில்லையே" என்று கேட்டால் கொடுத்தவர் மனம் புண்படும். கேளாமலிருந்தால் கொடாதவரும் போய்விடுவார். ஆகவே குறை எங்கே என்று உடனே அறிவது அவசியம். அதைப் பெட்டியின் விளக்குகளே சொல்லும்.

கண்ணாடி இழைக் கம்பி வந்து சேரும் பெட்டியை முதலில் பாருங்கள். அதில் "பான்" விளக்கு அசையாமல் எரிய வேண்டும். "எல்ஓஎஸ்" என்பது அணைந்தே இருக்க வேண்டியது. அது சிவப்பாக மினுக்கினால் இழை வழியே ஒளி வரவில்லை என்று பொருள். எங்கோ அறுந்திருக்கலாம்; நம் அரிசி மூட்டையே அதை மடக்கி அழுத்தியிருக்கலாம். அப்போது வைஃபை பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. மூட்டையை நகர்த்திப் பார்த்து, பிறகு கம்பெனிக்குச் சொல்ல வேண்டியதுதான்.

அடுத்தது வைஃபை பெட்டி. பலர் ஏமாறுவது இங்கேதான். வைஃபை விளக்கு எரிவதும், கைபேசியில் கோடுகள் நிறைந்திருப்பதும் பெட்டி அலை பரப்புகிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. வெளியுலகத் தொடர்புக்கு அல்ல. அதற்குத் தனி விளக்கு உண்டு. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உடன் வந்த புத்தகத்தைப் பார்க்கவும். கம்பி சொருகிய இடத்து விளக்கு படபடவென்று மினுக்குவது நல்லதே. தகவல் ஓடுகிறது என்று அர்த்தம்.

இனி ஆண்டெனா. தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தை நாம் அறிவோம். இப்போதுள்ள கோபுரம் 1863-ல் எழுந்தது. கலங்கரை விளக்கங்களில் கண்ணாடி வில்லை, விளக்கின் ஒளியைக் கூட்டுவதில்லை. சிதறாமல் குவித்துத் தொலைவுக்கு அனுப்புகிறது. ஆண்டெனாவும் அப்படியே. நிமிர்ந்த குச்சி, தோசை போல் சுற்றிலும் பரப்பும். மேலும் கீழும் குறைவு. 2 டிபிஐ குச்சிக்குப் பதில் 8 டிபிஐ போட்டால் தோசை அகலும், ஆனால் மெலியும். கீழே கடை, மேலே ஸ்டோர் உள்ளவருக்கு அது நஷ்டமே. அவர் இரண்டு குச்சிகளில் ஒன்றைப் படுக்கவைத்தால் போதும். எதிர்ச்சாரியில் கிடங்கு உள்ளவருக்கு ஒரே பக்கம் நோக்கும் தட்டை ஆண்டெனா ஏற்றது.

ஆண்டெனா வாங்குமுன் திருகைக் கவனியுங்கள்: வெளியே ஒன்றுபோல் தோன்றினாலும், ஒரு வகையில் நடு ஊசி இருக்கும், மற்றதில் இராது. கழற்றவே முடியாத பெட்டிகளும் உண்டு. அவற்றைத் தகர அடுக்குக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பின்னாலிருந்து எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினாலே பாதிக் கஷ்டம் தீரும்.