தையலுக்கு ஏற்ற இஸ்திரிப் பெட்டி எது?

காரியாபட்டியிலிருந்து கல்லூரிக்கு வந்து படித்த என் மாணவி ஒருத்தி, ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு சந்தேகத்துடன் வந்தாள். அவளுடைய தாயார் வீட்டிலேயே ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பவர். தையல் இயந்திரம் அரசின் இலவசத் திட்டத்தில் கிடைத்தது. இஸ்திரிப் பெட்டியைச் சொந்தக் காசில், தெருவில் விற்றுக்கொண்டு வந்தவரிடம் மலிவாக வாங்கியிருந்தார்கள். மூன்றாம் மாதமே ஒரு வாடிக்கையாளரின் பாலியெஸ்டர் துணி அதில் ஒட்டிக்கொண்டு ஓட்டை விழுந்துவிட்டது. துணிக்கு ஈடு கொடுத்ததில் இரண்டு வாரக் கூலி போயிற்று. "சார், புதுசு வாங்கணும். வாட் அதிகமா இருக்கிறதா பார்த்து வாங்கினா போதுமா?" என்று கேட்டாள்.

போதாது. ஏன் என்று பார்ப்போம்.

துவைத்த துணியைத் தேய்ப்பது வேறு, தைக்கும்போது தேய்ப்பது வேறு. முன்னதில் பெட்டியை இழுத்துச் செல்கிறோம். தையலிலோ, பெட்டியை ஓரிடத்தில் வைத்து அழுத்தி எடுக்கிறோம். தையலுக்கு உட்புறம் விட்ட விளிம்பைப் பிரித்துப் படிய வைக்க வேண்டும். காலருக்குள் ஒட்டுக் கான்வாசைப் பிடிக்கச் செய்ய வேண்டும். துண்டுத் துணிகளை இணைத்து விரிப்புத் தைப்பவர்களுக்கும், தஞ்சைப் பகுதியில் தேருக்குத் தொம்பை தைப்பவர்களுக்கும் ஒவ்வொரு துண்டின் ஓரமும் மடிந்து நிற்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் துணி நீண்டு கோணிப்போகும்.

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. அவற்றைப் பக்கவாட்டில் பிணைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் உள்ளே புகுந்தால் இப்பிணைப்புகள் தளரும். அந்த நிலையில் அழுத்திப் பிடித்து நீரை ஆவியாக்கினால், புதிய வடிவிலேயே பிணைப்புகள் மீண்டும் அமையும். மடிப்பு நிற்பதன் இரகசியம் இதுதான். எனவே வெப்பம், ஈரம், அழுத்தம் மூன்றும் தேவை.

இனி ஒரு சிறு கணக்கு. அழுத்தும் இடத்தில் 10 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் நீரை 30° செ.யிலிருந்து 100° செ.க்கு உயர்த்த ஏறத்தாழ 290 ஜூலும், பின் ஆவியாக்க 2260 ஜூலும் வேண்டும். ஆக 10 கிராமுக்குச் சுமார் 25,500 ஜூல். உள்ளுறை வெப்பம் எவ்வளவு பெரியது பார்த்தீர்களா! இவ்வளவு வெப்பத்தையும் பெட்டியின் அடித்தகடுதான் முதலில் தருகிறது. அலுமினியத்தின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 900 ஜூல். தகடு அரைக் கிலோ என்றால், வெப்பநிலை 57° குறைந்துவிடும், 200° செ.யில் இருந்தது 143° செ.க்கு வந்துவிடும். தகடு ஒரு கிலோ என்றால் 28° மட்டுமே குறையும்.

பழைய தையற்காரர்கள் பித்தளைக் கரிப்பெட்டியை விட மனமில்லாமல் இருந்ததற்குக் காரணம் இதில் இருக்கிறது. பித்தளையின் தன்வெப்பம் 380 ஜூல்தான்; ஆனால் பெட்டியின் எடை ஐந்து கிலோவானால், ஒரு டிகிரி குறைவதற்குள் அது 1900 ஜூல் தந்துவிடும். சிரட்டைக் கரியின் தணல் அதை ஈடு செய்துகொண்டே இருக்கும். கை வலிக்கும் என்பது வேறு விஷயம்.

வாட் என்பது இழந்த வெப்பத்தை மீட்கும் வேகம். அந்த 25,500 ஜூலை 1000 வாட் பெட்டி 25 வினாடிகளிலும், 750 வாட் பெட்டி 34 வினாடிகளிலும் திரும்பத் தரும். அதுவும் மின்னழுத்தம் 230 வோல்ட் இருந்தால்! மாலையில் அது 180 வோல்ட்டாகத் தாழ்ந்தால், திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது ஆகையால், 1000 வாட் பெட்டி 612 வாட்தான் தரும். எனவே 1000 வாட் இருக்கட்டும். அதற்கு மேல் தேடிப் போக வேண்டாம். அந்தக் காசை எடையில் போடுங்கள். கடையில் இரண்டு பெட்டிகளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

இனி, அந்தத் துணியில் ஓட்டை விழுந்த கதைக்கு வருவோம். அந்த மலிவுப் பெட்டியில் தெர்மோஸ்டாட் இல்லை. சுவிட்சைப் போட்டால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். பாலியெஸ்டர் சுமார் 250° செ.யை ஒட்டி உருகுவது. அதற்கு முன்பே இளகி ஒட்டத் தொடங்கிவிடும். (சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் செயற்கை இழை ஆடை கூடாது, பருத்தியே உடுத்த வேண்டும் என்பதற்கு நிலைமின்னேற்றத்தோடு இந்த உருகி ஒட்டும் குணமும் ஒரு காரணம்.) தெர்மோஸ்டாட்டில் இரு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்று உண்டு. ஒன்று அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். ஆகவே சூடேறினால் பட்டை வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கும். மிகக் குறைவாக விரியும் உலோகக் கலவையான இன்வாரைக் கண்டறிந்த கியோம் 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். குமிழில் உள்ள ஒரு புள்ளி ஏறக்குறைய 110° செ., இரண்டு 150°, மூன்று 200° என்று கொள்ளலாம். செயற்கை இழைக்கு ஒன்று, பருத்திக்கு மூன்று. கடையில் குமிழை மெல்லத் திருப்புங்கள். 'டிக்' என்ற ஒலி கேட்க வேண்டும்.

நீராவிப் பெட்டி வேண்டாமா? நம் பக்கத்தில் கிணற்று நீரும் குழாய்க் கிணற்று நீரும் பல ஊர்களில் கடின நீர். டீ போடும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு, நீராவித் துளைகளை அடைத்துவிடும். சில நேரம் துணியிலும் கக்கும். மேலும் ஒட்டுக் கான்வாசை அழுத்தும்போது துளைகள் உள்ள இடத்தில் பசை சரியாகப் பிடிக்காது. ஆகவே என் கருத்து, சாதாரண உலர் பெட்டியும் ஓர் ஈரத் துணியுமே மேல். ஒட்டாப் பூச்சுப் பூசிய தகடு வழவழப்பாக ஓடும் என்பது உண்மை. ஆனால் குண்டூசியும் கொக்கியும் அதைக் கீறிவிடும். தையல் வீட்டில் குண்டூசிக்கா பஞ்சம்?

விலையில் எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், மூன்று முள் பிளக்கில் மட்டும் வேண்டாம். உள்ளே மின்கம்பியின் காப்பு பழுதானால் உலோகத் தகட்டில் மின்சாரம் பாயும். கையில் ஈரத் துணி வேறு! புவித்தொடர்புக் கம்பி இருந்தால், மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து உருகியை எரித்துவிடும். அந்த மூன்றாவது முள் ஏன் மற்றவற்றைவிட நீளம்? செருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகத்தான். சிலர் அதை வெட்டிவிட்டு இரு துளை இணைப்பில் செருகுவதை நான் பார்த்திருக்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், நூல் பின்னிய உறை போட்ட வடத்தையும் பார்த்து வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் உறை, சூடான தகடு பட்டால் உருகும்.

அந்த மாணவியின் வீட்டில் இப்போது இருப்பது 1000 வாட் உலர் பெட்டி, கனமானது. பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணம் நீரும், பழைய வேட்டியிலிருந்து கிழித்த ஒரு சதுரத் துண்டும் இருக்கும். பாலியெஸ்டர் வந்தால், முதலில் வெட்டில் விழுந்த துணுக்கின் மீது வைத்துப் பார்த்த பிறகே அவளுடைய தாயார் பெட்டியைத் துணியில் வைக்கிறாராம்.