மரபணு எண்ணை இணையத்தில் தேடுவது எப்படி?

சமயநல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் லேப் ரிப்போர்ட்டுடன் வந்தார். "தம்பி, பால் குடிச்சா வயிறு உப்புதுன்னு டெஸ்ட் எடுத்தேன். ஆர்எஸ்4988235, சிசின்னு போட்டிருக்கு. ஏதும் பெரிய வியாதியா?" என்றார்.

மரபணுவில் ஓர் எழுத்து தனியாக நின்று எதையும் சொல்லாது. பிறருடைய எழுத்துகளோடு ஒப்பிட வேண்டும். மதுரைப் பகுதி ரத்த மாதிரிகளில் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்ட எம்130 என்ற அடையாளம், ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் இருப்பது இத்தகைய ஒப்பீட்டில்தான் தெரிந்தது. அதே வேலையைச் சிறிய அளவில் உங்கள் வீட்டுக் கணினியிலும் செய்யலாம். கட்டணம் கிடையாது.

1. பிரவுசரில் 'என்செம்பிள்' தளத்தைத் திறக்கவும். எழுத்துகள்: இ, என், எஸ், இ, எம், பி ('பஸ்'ஸின் பி), எல். கடைசியில் இ வராது.

2. தேடுதல் கட்டத்தில் ஆர்எஸ் என்ற இரு ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விடாமல் எண்ணையும் டைப் செய்து என்டர் தட்டவும்.

3. வரும் பட்டியலில் அதே எண்ணைக் க்ளிக் செய்யவும்.

4. அடுத்த பக்கத்தில் 'பாப்புலேஷன் ஜெனடிக்ஸ்' படத்தைக் க்ளிக் செய்யவும். உலகின் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2504 பேரின் விவரம் வட்டப் படங்களாக வரும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். திரையில் ஜி, ஏ என்ற எழுத்துகளே இருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள சி இருக்காது. பயப்பட வேண்டாம். டிஎன்ஏவில் இரண்டு இழைகள். ஒன்றில் சி இருந்தால் எதிர் இழையில் ஜி இருக்கும். லேப் ஓர் இழையைப் படித்தது, தளம் மற்றதைக் காட்டுகிறது. அண்ணனின் சிசியும் திரையின் ஜிஜியும் ஒன்றே.

இனி வட்டங்களைப் பாருங்கள். பெரியவர்களான பிறகும் பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் எழுத்து ஏ. ஐரோப்பியரிடம் இது சுமார் பாதி. தெற்காசியரிடம் சுமார் 12 சதவீதம்தான். ஆக, ஜி நம்மில் பெரும்பாலோரிடம் உள்ள எழுத்து. அது வியாதியின் பெயர் அல்ல.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பட்டியலில் 'எஸ்டியு' என்று இருப்பவர்கள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். மதுரைக்காரர்களுக்குத் தனிக் குழு இல்லை. கொடுத்தவர்களின் விவரம்தான் தேடலில் வரும். சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் பரிதாபாத் தரவு மையம் வழியே வெளியானது. அதை ஆய்வாளர்கள் விண்ணப்பித்துத்தான் பெற முடியும்.

தேடும்போது எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள். பெயருள்ள முழு ரிப்போர்ட்டையும் எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். அது உங்கள் பிள்ளைகளின் மரபணுவைப் பற்றியும் பேசும்.

அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, "அப்போ ஊர்ல பாதிப் பேரு என் கட்சிதான்!" என்று சிரித்தார். பாலை நிறுத்துவதா என்பதை டாக்டரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். அதைக் கணினி சொல்லாது.