வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா?

"ரெண்டு வயசாச்சு டாக்டர், இன்னும் 'அம்மா'ன்னு கூப்பிடல. நாக்குல வசம்பு தேய்ச்சிக்கிட்டிருக்கோம்!" காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

5-ம் மாதம் செங்கீரை (கையூன்றித் தலை நிமிர்வது), 9-ம் மாதம் சப்பாணி (கை தட்டுவது) என்று பிள்ளைத்தமிழிலேயே மாதக் கணக்கு உண்டு. கணக்குப் பிந்தினால், 'அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

வசம்பு வயிற்றுப் பொருமலுக்குக் கேட்கும். காது கேளாத பிள்ளையைப் பேச வைக்காது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். முதலில் 'பேரா' பரிசோதனை செய்யுங்கள். பிள்ளை தூங்கும்போதே எடுக்கலாம், வலி கிடையாது. காக்ளியர் கருவி தேவைப்பட்டால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள்தான் பொருத்த முடியும். காது சரியாக இருந்தால் பேச்சுப் பயிற்சி.

அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் (2013-ல் வந்த திட்டம்) காட்டுங்கள். மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள், கட்டணம் இல்லை.