சாப்பிட்ட பிறகு வரும் மயக்கம்
(இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர் வீட்டுக்கு)



பட்டினி கிடந்தால் மயக்கம் வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வயிறாரச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மயக்கம் வருமா? வரும். உடல் எடை குறைவதற்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலருக்கு வருகிறது.

பாகூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். எடை நன்றாகக் குறைந்து சுறுசுறுப்பாக நடமாடுகிறார். ஆடித் திருவிழாவில் சர்க்கரைப் பொங்கலும் ஒரு டம்ளர் பானகமும் சாப்பிட்டு வீடு திரும்புகிறார். இரண்டு மணி நேரம் கழித்து முகமெல்லாம் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். "அம்மன் வந்திருக்கு" என்கிறார் மாமியார். "வெயில்ல நின்னது" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். கணவருக்கு மட்டும் சர்க்கரை குறைந்திருக்குமோ என்று தோன்றுகிறது. கெட்டிக்காரர்! ஒரு பெரிய சொம்பு நிறையச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கிறார். மனைவி எழுந்து உட்காருகிறார். ஆனால் பொழுது சாய்வதற்குள் மறுபடியும் அதே வியர்வை, அதே நடுக்கம். "சர்க்கரைதான் கொடுத்தேனே, அப்புறம் ஏன்?" என்று திகைக்கிறார் கணவர்.

அந்தக் கேள்விக்குப் பதில் இரைப்பையில் இருக்கிறது. ஏரிக்கு மதகு இருப்பதுபோல நம் இரைப்பைக்கும் ஒரு வாசல் உண்டு. சாப்பிட்டதை அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குத் திறந்துவிடும். எடை குறைப்பு ஆபரேஷனில் ஒரு வகையில் இரைப்பையைச் சின்னப் பை அளவுக்குத் தடுத்து, நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். இன்னொரு வகையில் இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுத்து, குழாய் போல ஆக்கிவிடுகிறார்கள். முதல் வகையில்தான் இந்தத் தொல்லை அதிகம். மதகு இல்லாத ஏரி போல, தின்ற இனிப்பு ஒரே பாய்ச்சலில் குடலுக்குப் போய் இரத்தத்தில் ஏறுகிறது. வெள்ளம் வந்துவிட்டது என்று குடல் சேதி அனுப்ப, கணையம் இன்சுலினை அள்ளிக் கொட்டுகிறது. சர்க்கரை இறங்கிய பிறகும் இன்சுலின் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஏறின வேகத்துக்கு இறக்கமும் பலமாக ஆகிவிடுகிறது. ஒரு சொம்பு சர்க்கரைத் தண்ணீர் செய்ததும் இதையேதான்.

இது புதுச் சங்கதி அல்ல. 1960, 70களில் நம் பக்கத்தில் குடல்புண்ணுக்காக இரைப்பையைக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன் நிறையப் பேருக்கு நடந்தது. அவர்களிலும் சிலர் சாப்பாட்டுக்குப் பின் வரும் இந்தப் படபடப்பை அனுபவித்தவர்கள்தான். எடை குறைப்புக்கான இணைப்பு ஆபரேஷனை அமெரிக்காவில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-இல் செய்தார். அதைச் செய்துகொண்ட ஆறு பேருக்குச் சாப்பிட்ட பின் சர்க்கரை தாழ்ந்து மூளை தடுமாறியதை, அந்நாட்டு மேயோ மருத்துவமனை டாக்டர்கள் 2005-இல் எழுதினார்கள். அதன் பிறகே உலகம் இதைக் கூர்ந்து கவனித்தது. பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் இது தலைகாட்டும். அதனால் "அது எப்பவோ செஞ்சது, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று விட்டுவிடாதீர்கள்.

மயக்க அறிகுறி கண்டால் என்ன செய்வது? வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் குறைவு. 54-க்குக் கீழே போனால் ஆபத்து. கருவி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரை, அதாவது சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். 15 நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்ததும் ஒரு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ கொடுக்க வேண்டும். கதையில் வந்த கணவர் விட்டது இதைத்தான். சர்க்கரை ஆளை எழுப்பும். மறுபடி விழாமல் பிடித்துக்கொள்வது முட்டையும் பருப்பும்தான். டாக்டர் அகார்போஸ் என்ற மாத்திரை கொடுத்திருந்தால் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். அந்த வீட்டில் குளுக்கோஸ் டப்பா எப்போதும் இருக்கட்டும்.

நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வந்து தெளிந்த அன்று ஸ்கூட்டர் ஓட்டுவதும், கிணற்றடியில் தனியாக நிற்பதும் கூடாது.

இனிச் சாப்பாட்டு விஷயம். ஐயா, இது அம்மா ஒருத்தர் மட்டும் சமாளிக்கிற காரியம் அல்ல. வீட்டுச் சமையலே கொஞ்சம் மாற வேண்டும். தட்டில் முதலில் மீனோ முட்டையோ பருப்போ சாப்பிடட்டும். பிறகு காய், கீரை. சோறு கடைசியில், ஒரு சின்னக் கரண்டி. நம் ஊரில் இது கஷ்டம்தான். பாகூரில் பிறந்தவரிடம் சோற்றைக் குறை என்றால் கோபம் வரும்! ஆனாலும் அந்தக் கரண்டியில்தான் காரியம் இருக்கிறது. சோற்றில் ரசத்தையும் மோரையும் ஊற்றிக் கரைத்துக் குடிப்பது கெடுதல், ஏனென்றால் நீராக இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ பின்போ குடிக்கலாம். மூன்று வேளை உணவை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, மென்று நிதானமாகச் சாப்பிட வேண்டும். கரும்புச்சாறு, கலர் சோடா, சர்க்கரை தூக்கலான டீ ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஆபரேஷன் ஆனவர் கணவராக இருந்தால் இன்னொன்று: சாராயம், பிராந்தி எதுவும் வேண்டாம். இந்த வயிற்றில் போதை சட்டென்று ஏறும். கல்லீரல் சர்க்கரையைத் தருவதையும் அது தடுக்கும். பேச்சுக் குழறினால் "குடிச்சிட்டுக் கிடக்கான்" என்று விட்டுவிடுவார்கள்.

ஏற்கெனவே நீரிழிவு இருந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகும் பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுத்தால் அதனாலும் சர்க்கரை தாழும். டாக்டரிடம் காட்டி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

குழந்தை பற்றி ஒரு வார்த்தை. எடை குறைந்ததும் பல பெண்களுக்குச் சீக்கிரமே கரு தரிக்கும். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடுவது நல்லது. இணைப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். காப்பர்-டி, ஆணுறை போன்றவை பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் பேசுங்கள். கர்ப்பமான பிறகு, சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல சோதனை. இந்த வயிறு உள்ளவருக்கு அதுவே மயக்கத்தைக் கொண்டுவரும். டம்ளரைக் கையில் வாங்கும் முன் "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று சொல்லிவிடுங்கள், அம்மா. வீட்டிலேயே விரலில் குத்திப் பார்ப்பது போன்ற வேறு வழியை டாக்டர் சொல்வார். தாய்சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.