திறந்தவெளிக்கு ஓர் ஒலிபெருக்கி

கேமரன் மலையின் வடபகுதியில், தேயிலையும் காய்கறியும் விளையும் சரிவுகளுக்கிடையே அமைந்துள்ளது கம்போங் ராஜா. இங்கு வீட்டினுள் இனிமையாக ஒலிக்கும் ஒலிபெருக்கியை முற்றத்தில் வைத்துப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும். ஏன்?

வீட்டில் சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பி வலுவூட்டுகின்றன. திறந்தவெளியில் அத்துணை இல்லை. தொலைவு இரு மடங்காகும்போது ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது.

ஒலிபெருக்கியினுள் காந்தம், கம்பிச்சுருள், கூம்பு ஆகியவை உள்ளன. மின்னோட்டத்திற்கேற்பச் சுருள் முன்னும் பின்னும் அசைந்து கூம்பை அதிரச் செய்கிறது. 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்கள் விளக்கிய இவ்வமைப்பே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. கூம்பின் முன்புறமும் பின்புறமும் எழும் ஒலிகள் கலந்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதைத் தடுக்கவே பெட்டி தேவைப்படுகிறது.

ஆகவே, பெட்டியை நாமே செய்யும்போது தடித்த, நீர் தாங்கும் ஒட்டுப்பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றுக் கசியாதவாறு மூட்டுகளைப் பசையிட்டுத் திருகாணியால் இறுக்க வேண்டும். வெளிப்புறம் முழுவதும் சாயம் பூச வேண்டும். மலையின் மழையிலும் மூடுபனியிலும் காகிதக் கூம்பு ஈரம் உறிஞ்சித் தளரும்; பாலிபுரொப்பிலீன் கூம்பு தாக்குப்பிடிக்கும். பெட்டியைச் சுவரோரம் வைத்தால் தாழ்ந்த ஒலி வலுப்பெறும்.

ஒலியைக் கூட்டுவதைவிட, பெட்டியைக் கேட்போர் அருகில் வைப்பதே சிறந்தது. விடியலில் கொழுந்து பறிக்கச் செல்பவர் பக்கத்து வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கலாம். நம் காதுக்கு இனிமை தருவது, அவர் உறக்கத்தைக் கெடுக்கலாகாது.