கெஜமும் முற்றமும்

நுழையும்முன்
ஆங்கிலத்தில் 'யார்டு' என்னும் ஒரே சொல் நீள அளவையும் குறிக்கும். வீட்டை ஒட்டிய வெளியையும் குறிக்கும். தமிழில் முன்னது கெஜம். பின்னது முற்றம், வாசல், கொல்லை என இடத்திற்கேற்ப வேறுபடும். இவ்வேறுபாட்டைக் காரைக்கால் மண்ணின் வழியே அறிவோம்.

ஒரு சொல், இரு வேர்
நீளத்தைக் குறிக்கும் 'யார்டு', கோல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. வெளியைக் குறிக்கும் 'யார்டு', அடைப்பிட்ட இடத்தைச் சுட்டிய வேறொரு சொல்லிலிருந்து வந்தது. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவம் பெற்றன. தமிழில் 'வேலி' என்னும் சொல்லை இதனோடு ஒப்பிடலாம். அது நிலத்தைச் சூழும் அடைப்பையும் குறிக்கும். இருபது மா கொண்ட நில அளவையும் குறிக்கும்.

காரைக்கால் கண்ட அளவைகள்
1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. சூழ்ந்திருந்த தஞ்சை மாவட்டத்தில் ஆங்கிலேயரின் அடி, கெஜம், ஏக்கர் ஆகியவை வழங்கின. பிரெஞ்சு ஆட்சியோ மீட்டர் முறையைச் சார்ந்தது. அதன் வழிவந்த ஹெக்டேர், ஆர், சென்டியார் ஆகியன புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நில ஆவணங்களில் இன்றும் உள்ளன. உழவர் பேச்சிலோ குழியும் மாவும் வேலியும் நீங்கவில்லை.

முற்றத்தை அளப்போம்
காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் முன்புறம் வாசல், நடுவே வானம் பார்த்த முற்றம், பின்புறம் கொல்லை. வெளிச்சமும் காற்றும் மழைநீரும் முற்றத்தின் வழியே வீட்டினுள் வரும். ஈழத்தில் வீட்டின் முன்வெளியையே முற்றம் என்பர்.

பக்கத்திற்கு 12 அடியுள்ள சதுர முற்றத்தின் பரப்பு 144 சதுர அடி. தஞ்சைப் பகுதி வழக்கில் அது ஒரு குழி. ஒரு கெஜம் 3 அடி. ஆனால், ஒரு சதுர கெஜம் 9 சதுர அடி. எனவே, அம்முற்றம் 16 சதுர கெஜம் ஆகும். 1959இல் ஆங்கிலம் வழங்கும் ஆறு நாடுகள் ஒரு கெஜத்தை 0.9144 மீட்டர் என வரையறுத்தன. அதன்படி முற்றத்தின் பரப்பு ஏறத்தாழ 13.4 சதுர மீட்டர்.

பத்திரத்தில் 16 என்னும் எண்ணை மட்டும் நோக்கி, அதனைச் சதுர மீட்டர் எனக் கொள்பவர் இல்லாத நிலத்திற்கும் விலை கொடுப்பார். சதுர அடி எனக் கொள்பவரோ, தம் நிலத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கை இழப்பார். ஆகவே, ஆவணத்தைப் படிப்போர் எண்ணோடு அலகையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்
1. உம் ஊரில் வீட்டின் முன்வெளி, உள்வெளி, பின்வெளி ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. உம் வீட்டு வாசலை அடியில் அளந்து, அதன் பரப்பைச் சதுர கெஜத்திலும் சதுர மீட்டரிலும் கணக்கிடுக.